கணவரின் பொம்மை அறையும் மூன்று கிரெடிட் கார்டுகளும்

சென்னைப் புறநகரிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. கணவருக்கு 41, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஏழு வயதில் ஒரு மகள். மாமியாரும் உடன் இருக்கிறார். கணவர் 2014 முதல் 2018 வரை நியூ ஜெர்சியில் ஆன்சைட் வேலையில் இருந்தபோது ஸ்டார் வார்ஸ் என்ற அமெரிக்க விண்வெளிப் படங்களின் பொம்மைகளை வாங்க ஆரம்பித்திருக்கிறார். முதலில் மேசை மேல் நாலு பொம்மை, அவ்வளவுதான். 2015 செப்டம்பரில் புதிய படத்துக்கான பொம்மைகள் நள்ளிரவில் விற்பனைக்கு வந்தபோது கடை வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார். 2018ல் அமெரிக்காவில் டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக் கடைகள் மூடப்பட்டபோது தள்ளுபடியில் அட்டைப்பெட்டி கணக்கில் அள்ளியிருக்கிறார். ஊர் திரும்பும்போது கப்பலில் வந்த சாமான்களில் பாதி அதுதான்.

இன்று இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ஓர் அறை முழுக்கப் பொம்மை. பெட்டி பிரிக்காத பொம்மைகள் நானூறுக்கு மேல். துண்டு துண்டாகக் கோத்துக் கட்டும் லெகோ செட்டுகள் அறுபது, பெரும்பாலும் கட்டி முடித்து அலமாரியில் வைத்தவை. பகலெல்லாம் அந்த அறைக்கு ஏசி ஓடுகிறது. பாட்டியும் பேத்தியும் ஹாலில் படுக்கிறார்கள். அப்பா இல்லாதபோது மகள் அந்த அறைக்குள் போகக் கூடாது.

எட்டு மாதங்களுக்கு முன் கணவரின் புராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை 'பெஞ்ச்'சில் உட்கார வைத்திருக்கிறார்கள். வாங்குவது அதன்பின் கூடியிருக்கிறது. பார்சல்கள் அலுவலக முகவரிக்கு வருகின்றன. ஒருநாள் கார் டிக்கியைத் திறந்தபோது பிரிக்காத கூரியர் பெட்டிகள் ஐந்து இருந்திருக்கின்றன. கூடவே தெரிய வந்தது, மூன்று கிரெடிட் கார்டுகளில் மொத்தம் 4,80,000 ரூபாய் பாக்கி. மாதாமாதம் மினிமம் தொகை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டால், "இது இன்வெஸ்ட்மென்ட், பாப்பா காலேஜ் போகும்போது இதுதான் கைகொடுக்கும்" என்கிறாராம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. தீபாவளிக்கு வந்த தங்கை மகன் அடம்பிடித்து அழுததால், வாசகி ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார். பையன் வீட்டுக்குப் போகும் வழியிலேயே பிரித்துவிட்டான். கணவரிடம் சொல்லவில்லை. பொம்மை காணோம் என்று தெரிந்ததும் அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சந்தேகம் வீட்டு வேலைக்கு வரும் அக்கா மேல் போனது. அவரை நிறுத்திவிட்டார்கள்.

கேள்விகள் இவை: இது மனநோயா? முதலீடு என்கிறாரே, நம்பலாமா? அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக் கடனை அடைத்தால் தப்பா? வர மறுத்தால் கட்டாயப்படுத்தி மருத்துவமனையில் சேர்க்க முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் நாலு பக்கமும் பொம்மை, பொம்மை என்றே போகிறது. கடன் ஐந்தாம் பக்கத்தில்தான் வருகிறது, வேலைக்கார அக்கா கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில். நான் எழுதியிருந்தால் வரிசையைத் திருப்பிப் போட்டிருப்பேன்.

முதலில் உங்கள் மாமியார் சொல்லும் 'குழந்தைப் புத்தி'யை எடுத்துக்கொள்வோம். அது சரியில்லை. இன்று அந்தத் தயாரிப்புகளில் கணிசமான பகுதி பெரியவர்களை நம்பியே வருகிறது. ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2013ல் தொடங்கிய ஆறு அங்குல பிளாக் சீரிஸ் வரிசை சேகரிப்பாளர்களை மனதில் வைத்துச் செய்தது. லெகோ தன் பெரிய செட்டுகளின் கறுப்புப் பெட்டியில் 18+ என்றே அச்சிடுகிறது. ஏழாயிரத்துச் சொச்சம் துண்டுகளைக் கோத்து ஒரு விண்கலத்தை எழுப்புவது சின்னப் பிள்ளை வேலையா? நம் ஊரிலேயே பழைய முத்து காமிக்ஸ் பிரதிகளுக்காக ஊர் ஊராக அலையும் ஐம்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். வங்கி மேலாளர், தலைமையாசிரியர் என்று நல்ல பொறுப்பில் இருப்பவர்கள்தான். அவர்களை யாரும் ஆலோசகரிடம் அழைத்து வருவதில்லை. பெட்டியில் இருப்பது புத்தகமா பொம்மையா என்பதைப் பார்த்துத்தான் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

இது நோயா?

'ஹோர்டிங்', அதாவது எதையும் தூக்கிப்போட முடியாமல் குவித்து வைப்பது என்று இணையத்தில் படித்துப் பயந்திருக்கிறீர்கள். அப்படி ஒரு கோளாறு உண்டு. அமெரிக்க உளநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடு 2013ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதைத் தனியாகவே வகைப்படுத்தியது. அதில் பொருளுக்கு மதிப்பு இருக்கிறதா என்பது கணக்கே இல்லை. பழைய செய்தித்தாள், காலி டப்பா, கிழிந்த பை என எதையும் தூக்கிப்போட முடியாது. போடச் சொன்னால் தாங்க முடியாத தவிப்பு. சமையல் மேடையில் சமைக்க முடியாது, கட்டிலில் படுக்க முடியாது என்கிற அளவுக்கு வீடு நிரம்பிவிடும்.

உங்கள் கணவர் எப்படி வைத்திருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படம் வாரியாக, ஆண்டு வாரியாக அடுக்கு. எக்செல் ஷீட்டில் கணக்கு. தூசி தட்டத் தனி பிரஷ். இது சேகரிப்பாளரின் கை. மகள் படுக்க வேண்டிய அறையை அவர் ஒருவராக முடிவு செய்து எடுத்துக்கொண்டது தப்புதான், அதற்கு வருகிறேன். ஆனால் அது நோயின் அறிகுறி இல்லை, வீட்டில் பேசித் தீர்க்காத விஷயம்.

என்னை நிறுத்திய வரி வேறு. டிக்கியில் பிரிக்காமல் கிடந்த ஐந்து கூரியர் பெட்டிகள். சேகரிப்பவர் உள்ளே இருக்கும் பொம்மைப் பெட்டியைப் பிரிக்க மாட்டார், ஆனால் கூரியர் அட்டையை வந்த அன்றே கிழித்துவிடுவார். மூலை நசுங்கியிருக்கிறதா, பிளாஸ்டிக் மூடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. வாங்கியதைப் பார்க்கக்கூடத் தோன்றாமல் டிக்கியிலேயே விட்டுவைக்கிறார் என்றால், பொம்மை மேல் இருந்த ஆசை எங்கேயோ பின்தங்கி, 'ஆர்டர் போடு' பொத்தானை அழுத்தும் அந்த ஒரு நிமிட நிம்மதிதான் அவருக்குத் தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொள்வேன். அழுத்துவதற்கு முன் ஒரு பரபரப்பு, அழுத்தியதும் ஆறுதல், பார்சல் வரும்போது குற்ற உணர்ச்சி, அதை மறக்க அடுத்த ஆர்டர். கட்டுப்பாடில்லாமல் வாங்குவதை அந்தக் கையேடு தனி நோயாகச் சேர்க்கவில்லை. ஆனால் ஆலோசனைக்கு வருபவர்களிடம் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பல நேரங்களில் அதற்கு அடியில் மனச்சோர்வோ பதற்றமோ ஒளிந்திருக்கும்.

எட்டு மாதம் பெஞ்சில் இருப்பது லேசான விஷயம் இல்லை. நாளைக்குக் கூப்பிட்டு ராஜினாமா கேட்பார்களோ என்று தினமும் லேப்டாப்பைத் திறக்கும் மனிதர் அவர். இரவில் தூங்குகிறாரா? மகளோடு முன்போல் விளையாடுகிறாரா? எரிச்சல் கூடியிருக்கிறதா? ஆறு பக்கத்தில் இவை எதுவுமே இல்லை. கவனித்துப் பாருங்கள். இரண்டு மூன்றுக்கு மோசமான பதில் வந்தால் மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்ப்பது நல்லது. "உங்கள் பொம்மைப் பைத்தியத்துக்கு டாக்டரிடம் போகலாம்" என்று கூப்பிட்டால் எவரும் வர மாட்டார். "தூக்கமே இல்லாமல் இருக்கிறீர்கள், ஒருமுறை காட்டிவிட்டு வரலாம்" என்றால் வருவார்.

அவர் மறுத்தாலும் நீங்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம். மத்திய அரசின் இலவச மனநல ஆலோசனைச் சேவை, தமிழிலும் பேசுகிறார்கள். குடும்பத்தினரும் அழைக்கலாம். கட்டாயப்படுத்திச் சேர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஒருவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்பது போன்ற கடுமையான நிலையில்தான் அவர் சம்மதமின்றி அனுமதிக்க வழி உண்டு. பொம்மை வாங்குவதற்கெல்லாம் அது பொருந்தாது. அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆனால் "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால், இந்தப் பதிலில் உள்ள வேறு எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நாலு கோடிக்கு விற்ற பொம்மை

ஒரு பொம்மை நாலு கோடிக்கு மேல் போனது என்று உங்கள் கணவர் காட்டிய செய்தி பொய்யில்லை. 2024ல் அமெரிக்க ஏலத்தில் போபா ஃபெட் என்ற ஸ்டார் வார்ஸ் பாத்திரத்தின் பொம்மை ஒன்று 5,25,000 டாலருக்குப் போனது. ஆனால் அது கடையில் விற்ற பொம்மையே இல்லை. முதுகிலிருந்து சின்ன ராக்கெட் பாய்வது போல் கென்னர் என்ற பொம்மை நிறுவனம் தயாரித்துப் பார்த்த மாதிரிப் பொம்மை அது. அந்தச் சமயத்தில் வேறொரு விண்வெளித் தொடரின் பொம்மைக் கலம் எய்த ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. பாதுகாப்புப் பயத்தில் கென்னர் அந்த ராக்கெட் வசதியைக் கைவிட்டுவிட்டது. மிஞ்சிய மாதிரிகள் சொற்பம். அந்த விலையை வைத்து உங்கள் வீட்டு அலமாரியை எடைபோடுவது, திருவிளக்குக்கு அருங்காட்சியகச் சோழர் வெண்கலத்தின் விலை சொல்வது போல.

பழைய பொம்மைகளுக்கு விலை ஏறிய கதை சுவாரசியமானது. உங்கள் கணவருக்கு இது மனப்பாடமாக இருக்கும், ஆனால் இதிலிருந்து வரும் கணக்கை அவர் போட்டாரா என்று தெரியவில்லை. 1977 மே மாதம் முதல் படம் வந்தபோது இவ்வளவு பெரிய வெற்றியை யாரும் எதிர்பார்க்கவில்லை. சின்சினாட்டியில் இருந்த கென்னரிடம்தான் பொம்மை உரிமை. கிறிஸ்துமஸுக்குள் பொம்மை செய்து முடிக்க அவர்களால் ஆகவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பொம்மை இல்லாத ஓர் அட்டை உறையை, பின்னால் அனுப்புகிறோம் என்ற சீட்டோடு கடையில் விற்றார்கள். அதற்கான நாலு பொம்மைகள் 1978ல்தான் தபாலில் போய்ச் சேர்ந்தன. வாங்கிய பிள்ளைகள் அவற்றை மண்ணில் புதைத்தார்கள், நாய்க்குக் கொடுத்தார்கள், பொம்மை கையிலிருந்த ஒளிவாளைத் தொலைத்தார்கள். அட்டையோடு மிஞ்சியது கொஞ்சம் என்பதால்தான் இன்று அதற்கு அந்த விலை.

1995ல் புது வரிசை வந்தபோது பெரியவர்கள் விழித்துக்கொண்டார்கள். பிரிக்காமல் வாங்கி அடுக்கினார்கள். 1999ல் அடுத்த படம் வந்தபோது நள்ளிரவு விற்பனை, தள்ளுமுள்ளு. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இன்னும் மலிவாகவே கிடைக்கின்றன, ஏனென்றால் எல்லோருமே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் கணவர் 2015லும் 2018லும் வாங்கியவை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை? நள்ளிரவு வரிசையில் அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் அத்தனை பேரும் அதே பெட்டியை அதே காரணத்துக்காகத்தான் வாங்கினார்கள். தவிர, நிறுவனமே பழையதைத் திரும்ப அச்செடுத்து விடும். கென்னர் காலத்து வடிவிலேயே 2019ல் ஒரு ரெட்ரோ வரிசை வந்ததே.

லெகோ தங்கத்தைவிட நல்ல முதலீடு என்று அவர் காட்டிய கட்டுரையும் உண்மையான ஆய்விலிருந்து வந்ததுதான். மாஸ்கோவில் இருக்கும் உயர்நிலைப் பொருளியல் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கடையில் விற்பனை நின்றுபோன செட்டுகளை எடுத்துப் பார்த்து, சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீதமாவது ஏறியிருக்கிறது என்றார்கள். சராசரி என்ற சொல்லுக்குள் பெரிய நஷ்டங்களும் அடக்கம். முக்கியமான விஷயம், அந்த விலை சீல் பிரிக்காத பெட்டிக்கு. உங்கள் வீட்டில் அறுபதில் பெரும்பாலானவை கட்டி முடித்தாயிற்று. கட்டியதில் அவருக்குக் கிடைத்த சந்தோஷம்தான் அதன் வருமானம், அதைப் பெற்றுக்கொண்டார். சீல் வைத்ததற்கும் உத்தரவாதம் கிடையாது. 2007ல் 499.99 டாலருக்கு வந்த, ஐயாயிரத்துச் சொச்சம் துண்டுகள் கொண்ட மில்லேனியம் ஃபால்கன் விண்கல செட், பின்னால் பல மடங்கு விலைக்குப் போனது. 2017ல் அதே கலத்தை 7,541 துண்டுகளில் லெகோ மறுபடி விட்டது. பழையதைக் கட்டிக் காத்தவர்கள் விலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சென்னையில் உட்கார்ந்து இதைச் செய்வதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் பொம்மைக்கான இறக்குமதித் தீர்வை 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70 ஆனது. கூரியரில் தனிப் பார்சலாக வருவதற்கு வேறு கணக்குப் போட்டாலும், அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்து அமெரிக்க விலைக்கு மேல்தான் அவர் கைக்கு வருகிறது. விற்கும்போது வாங்க ஆள் அதிகம் இருப்பது அமெரிக்காவில். அங்கே இருப்பவர் இங்கே கட்டிய வரியைத் திருப்பித் தருவாரா? திரும்ப அனுப்பும் செலவு வேறு. வாங்கிய அன்றே இறங்கிப்போன முதலீடு இது.

அவர் உங்களை ஏமாற்றத்தான் 'இன்வெஸ்ட்மென்ட்' என்கிறார் என்று நான் நினைக்கவில்லை. "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்ல அந்த வீட்டில் அவருக்கு இடம் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். மாமியார் 'குழந்தைப் புத்தி' என்கிறார். நீங்கள் உறவினர் முன்னால் 'என் மூத்த பிள்ளை' என்று சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பிடித்தது என்றால் கேலி, லாபம் என்றால் மரியாதை. அதனால் லாபக் கதையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கதைக்குள் போய்விட்டால் செலவுக்கு எல்லையே இருக்காது. பொழுதுபோக்குக்கு மாதம் ஐயாயிரம் என்று கோடு போடலாம். முதலீட்டுக்கு எதற்குக் கோடு? அதிகம் போட்டால் அதிகம் வரும் என்றுதானே தோன்றும்! கேலியை நீங்கள் நிறுத்தினால், அவரும் அந்தச் சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வைக்க வாய்ப்பிருக்கிறது.

கடன்தான் அவசரம்

நீங்கள் அனுப்பிய விவரத்தில் கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று இருக்கிறது. 4,80,000க்கு மாதம் 16,800 ரூபாய். வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் இருபதாயிரத்தைத் தொட்டுவிடும். ஆண்டுக்கு 42 சதவீத வட்டி கட்டி, சராசரி 11 சதவீதம் ஏறும் என்று சொல்லப்படும் பொருளை வாங்குவது எந்தக் கணக்கிலும் நிற்காது. எக்செல் தெரிந்த மனிதர், எண்ணாகக் காட்டினால் புரிந்துகொள்வார். மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே போனால் அசல் அசையவே அசையாது. வங்கியில் குறைந்த வட்டிக்குத் தனிநபர் கடனாக மாற்ற முடியுமா என்று இருவரும் போய்க் கேளுங்கள். அதுவரை மூன்று கார்டுகளையும் ஷாப்பிங் செயலிகளிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். எண்ணை மறுபடி தட்டி ஏற்ற வேண்டும் என்கிற அந்த இரண்டு நிமிடத் தடை, இரவு ஒரு மணி ஆர்டர்களில் நிறையத் தடுத்துவிடும். உங்கள் நகையை இதற்காக அடகு வைக்கலாமா என்று மட்டும் கேட்டால் உடனே சரி சொல்லாதீர்கள். அது உங்கள் சீதனம், முழுக்க உங்களுடையது. வாங்குவது நிற்காதவரை அது ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்.

தெரியாமல் விற்கலாமா?

கூடாது. சட்டப்படியும் சரியில்லை. திருமணமானதாலேயே கணவர் சம்பாதித்து வாங்கிய பொருளில் மனைவிக்குப் பாதி என்று இந்தியச் சட்டம் சொல்லவில்லை. உங்கள் வளையலை அவர் கேட்காமல் எடுத்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும். ஜீவனாம்சம், பராமரிப்பு எல்லாம் வேறு விஷயம், அந்தப் பக்கம் போகும் நிலை வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். இப்போது அந்தப் பேச்சுக்கே அவசியம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

நடைமுறையிலும் நஷ்டம். எது விலைபோகும் எது போகாது என்று உங்களுக்குத் தெரியாது. பழைய கென்னர் பொம்மைகளில் ஜாவா என்ற பாத்திரம் துணி அங்கி போட்டிருந்தால் ஒரு விலை, வினைல் அங்கி என்றால் எத்தனையோ மடங்கு. போலியாக வினைல் அங்கி மாட்டி விற்பவர்களும் உண்டு. பழைய பேப்பர்காரரிடம் தராசில் போடுவது போல் போட்டுவிட்டு வருவீர்கள்.

விற்க வேண்டியது அவர், உங்களோடு உட்கார்ந்து. அவருடைய எக்செல் ஷீட்டில் இரண்டு பத்திகள் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, இதே பொம்மை சமீபத்தில் உண்மையில் என்ன விலைக்கு விற்று முடிந்தது. கேட்கும் விலை வேண்டாம், யாரும் எதையும் கேட்கலாம். இன்னொன்று, இது இல்லாமல் இருக்க முடியுமா முடியாதா. நானூறில் 'முடியாது' என்று அவர் குறிப்பது அறுபதோ எண்பதோதான் இருக்கும் என்பது என் ஊகம். தள்ளுபடியில் ஒன்றுக்கு மூன்றாக வாங்கியவை கட்டாயம் இருக்கும். டிக்கியில் கிடக்கும் ஐந்தும் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் இருந்தால் முதலில் அவை போகட்டும். உள்ளூர்ச் சேகரிப்பாளர்களுக்கு விற்றால் கூரியர் செலவும் மிச்சம்.

அறையும் பாச்சை உருண்டையும்

பூச்சி வராமல் இருக்க மாமியார் அலமாரிக்குள் பாச்சை உருண்டை போட்டு வைத்திருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். நாஃப்தலீன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை, குறிப்பாகப் பாலிஸ்டைரீனை, இளக்கிவிடும். வீட்டில் குழந்தை இருக்கும்போது அது எப்படியும் நல்லதில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும். ஈரம்தான் அட்டையை வளைக்கும், பூஞ்சை பிடிக்க வைக்கும். வெயில் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும், அதற்கு ஜன்னலில் தடித்த திரை. பகல் முழுக்க ஏசி ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஏற்றி இறக்கும் குளிரைவிட மிதமான, ஒரே சீரான சூழல்தான் பிளாஸ்டிக்குக்கு நல்லது. இதை நீங்கள் அவரிடம் எடுத்துச் சொன்னால், மின்கட்டணம் குறைவதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. இந்த வீட்டில் ஒருவர் முதல்முறையாக அவற்றின் நன்மைக்காகப் பேசுகிறார் என்று அவருக்குத் தோன்றும்.

அறை மகளுக்கு வேண்டும், இதில் பேரம் இல்லை. ஏழு வயதுப் பெண் இன்னும் எத்தனை நாள் ஹாலில் படுப்பாள்? ஒரு சுவர் முழுக்க உயரமான கதவு வைத்த அலமாரி, அதற்குள் அடங்குவது மட்டும் சேகரிப்பு, மீதி இடம் மகளுக்கும் பாட்டிக்கும் என்று கோடு போடுங்கள். புதிதாக ஒன்று வர வேண்டுமென்றால் பழையது ஒன்று போக வேண்டும். கீழ்த்தட்டில் அவள் தொடலாம், ஆட்டலாம், கைகால் கழன்றாலும் பரவாயில்லை என்று இருபது பொம்மைகள் இருக்கட்டும். பெட்டியில்லாமல் 'லூஸ்' ஆக வைத்திருக்கும் சாதாரணப் பொம்மைகள் அவரிடமே இருக்கும். அவளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தால் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

எங்கிருந்து பேச ஆரம்பிப்பது

கடனிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் பக்கத்துத் தப்பிலிருந்து ஆரம்பியுங்கள். தீபாவளிக்கு நடந்ததை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். "ஒரு பொம்மைதானே" என்ற வார்த்தையை மட்டும் சேர்க்காமல் சொல்லுங்கள். கோபப்படுவார். கோபப்பட அவருக்கு நியாயம் இருக்கிறது. அது அடங்கிய பிறகு, "நான் ஒன்றை மறைத்தேன், நீங்களும் டிக்கியில் ஐந்தை மறைத்தீர்கள், இனி இரண்டு பேரும் மறைக்க வேண்டாம்" என்று கடனைப் பற்றிப் பேசலாம். தான் மறைத்ததை ஒத்துக்கொண்டு வருபவரிடம் எதிராளி கதவைச் சாத்துவது கஷ்டம். மகள் தூங்கிய பிறகு, மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் எதிரில் மகன் திட்டு வாங்க வேண்டாம்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த அக்கா. உங்கள் வீட்டை மட்டும் நம்பியிருந்தாரா, அந்த ஃபிளாட்டில் வேறு வீடுகளுக்கும் போகிறாரா என்று எழுதவில்லை. வேறு வீடுகளுக்குப் போகிறவர் என்றால், இங்கே ஏன் நிறுத்தினார்கள் என்ற கேள்வி இந்நேரம் அந்த வீடுகளுக்கும் போயிருக்கும். 'பொம்மை திருடிவிட்டார்' என்று நீங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாயைத் திறக்காமலேயே அந்தப் பேச்சு லிஃப்டில் ஏறி இறங்கும். கணவரிடம் சொன்ன மறுநாளே, முடிந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு, அந்த அக்கா வீட்டுக்குப் போங்கள். போனில் வேண்டாம். தப்பு உங்களுடையது என்று அவர் வீட்டார் காதுபடச் சொல்லுங்கள். திரும்ப வருவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். வந்தாலும் வராவிட்டாலும், நிறுத்திய நாளிலிருந்து இன்றுவரைக்குமான சம்பளத்தை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அதற்குப் பணம் இல்லை என்றால், பொம்மைகளில் முதலில் விற்பது அதற்காக இருக்கட்டும்.